கோமதி கொண்டுவந்த தண்ணீர்

டேய் கண்ணு,

நலமா என்று கேட்டுத் தொடங்குகிற பொறுமை இன்று எனக்கு இல்லை. நன்றாகத்தான் இருப்பாய். ஆக்கிப்போட மெஸ் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் படம் இருக்கிறது, உனக்கென்ன குறைச்சல். உன் இன்லண்டு கடிதம் இங்கே வந்தபோது நான் கூனிமேட்டில் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தேன். தபால்காரரிடம் வாங்கியவள் கோமதி. மேலே என் பெயர்தான் இருந்தது, ஆனால் எழுத்து உன் எழுத்து. லீவு இல்லை என்று கல்யாணமான மூன்றாம் நாளே மெட்ராஸ் பஸ் ஏறிவிட்ட புருஷனுடைய எழுத்தை ஒரு மாதம் கழித்துப் பார்க்கிற பெண் என்ன செய்வாளோ, அதைத்தான் செய்தாள். பிரித்துப் படித்துவிட்டாள். நான் வீடு திரும்பிக் கால் கழுவும்போது கடிதத்தைக் கையில் கொடுத்து, "தெரியாம பிரிச்சிட்டேன் அத்தே" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். ஆகவே இதை நீ முதலில் தெரிந்துகொள். "ஆடி வருகிறதே, அந்தச் சாக்கில் அவளைப் பிரம்மதேசத்துக்கு, அவள் அப்பா வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதினாயே, அந்த வரியை இந்த வீட்டில் முதலில் படித்தவள் அவள்தான்.

பதில் போட இத்தனை நாளானதற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. கோபம் இருந்தது, ஏன் இல்லாமல்? அடுப்பில் இருந்த பாலைக்கூட மறந்து நின்றேன். உன் ராஜாமணி அத்தை யாரையோ பிடித்து உனக்கு எழுதவைத்திருக்கிறாள். புதுப்பெண் வீட்டில் கால் வைத்த வேளை சரியில்லை, அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துத்தான் கல்யாணப் பந்தலே வாந்தி எடுத்தது என்று. அவள் உன் அப்பாவின் அக்கா, உன்னை இடுப்பில் வைத்துச் சுமந்தவள். அவள் சொன்னால் நீ நம்புவாய், அது எனக்குப் புரிகிறது. ஆனால் "அதெல்லாம் இருக்காதுடா" என்று எழுத என் கையிலும் ஒன்றும் இல்லையே! மருமகளை எனக்குப் பிடித்திருக்கிறது என்பது ஒரு பதிலா? அதனால் பதிலைத் தேடப் போனேன். கிடைத்தது. இப்போது மனசு நிறைந்து உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால் நீளமாகத்தான் எழுதுவேன். மெஸ் மணி அடித்துவிட்டது என்று பாதியில் மடித்து வைக்காதே.

அன்றைக்கு நடந்ததை நீ மணவறையிலிருந்து அரைகுறையாகத்தான் பார்த்திருப்பாய். முந்தின நாள் சாயங்காலம் பெண் அழைப்புக்கு வந்தவர்கள் லாரியில் இரண்டு பீப்பாய் நல்ல தண்ணீரும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நம் பக்கத்துக் கிணறு எல்லாம் உவர். உப்பளத்து ஊரில் பெண் கொடுக்கிறவர்கள் சீரோடு நல்ல தண்ணீரும் கொண்டுவருவது வழக்கம்தானே. அந்தத் தண்ணீரைத்தான் இலைக்கு வைத்தோம், அதிலேதான் விடியற்காலையில் மோரும் கரைத்தோம். தாலி கட்டி முடிந்து பந்தலில் ஆண்களுக்கு மோர் கொடுத்தார்கள். முதல் பந்தி எழுந்திருக்கவில்லை, ஒருவர் பின் ஒருவராகப் பந்தலுக்குப் பின்னால் ஓடினார்கள். நான் பட்டுப்புடவையோடு ஆளுக்கு ஆள் உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்துக்கொண்டு நின்றேன். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, சாயங்காலத்துக்குள் எல்லாரும் எழுந்து வெற்றிலை போட்டார்கள். ஆனால் ஊர் வாய் அதோடு விடுமா? "வலது கால எடுத்து வச்சா, வாந்தி வந்துச்சு" என்று பேச்சு பரவிவிட்டது.

முன்னால் வந்ததுதான் பின்னால் நடந்ததற்குக் காரணம் என்று நினைக்கிறது மனிதர்களுக்கு எப்போதும் சுலபம். கோமதிக்கு முன்னால் நாதஸ்வரமும்தான் வந்தது, அதை யாரும் குற்றம் சொல்லவில்லை. இதில் ஒரு வேடிக்கை கேள். கோமதி அந்தத் தண்ணீரைக் குடித்தாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உடனே ராஜாமணி, "பார்த்தியா, அவளுக்கு மட்டும் ஒண்ணும் ஆவல" என்றாள். அவளும் வாந்தி எடுத்திருந்தால், "வந்தவளே வாந்தி எடுத்தா, அப்புறம் இன்னா விளங்கும்" என்றிருப்பாள். எப்படி விழுந்தாலும் பழி ஒருத்தி தலையில்தான் என்றால், அது விசாரணை இல்லை. அன்றிலிருந்து நம் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் அவள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. "இப்பதான் குடிச்சிட்டு வர்றேன்" என்பார்கள். அவள் நீட்டிய டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.

எனக்கு இந்தத் தேடுகிற புத்தி எங்கிருந்து வந்தது தெரியுமா? நீ சின்னப் பையனாக இருந்தபோது ஒரு குப்பத்தில் பேதி பரவியது. ஊசி போடப் போன என்னிடம், படுத்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுவரச் சொன்னார்கள். வீடு வீடாகக் கேட்டேன். படுத்த அத்தனை பேரும் கருவாடு தின்றிருந்தார்கள். கண்டுபிடித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "ஏம்மே, அந்தக் குப்பத்துல கருவாடு துன்னாதவன் எவன்?" என்றார். எனக்கு மூஞ்சி செத்துவிட்டது. நோய் வந்தவனை மட்டும் கேட்டால் அவன் தின்றதெல்லாம் விஷமாகத் தெரியும். வராதவனையும் போய்க் கேட்க வேண்டும். அவனும் அதையே தின்றிருந்தால் அது காரணமில்லை. இதை நீ உன் வேலையிலும் வைத்துக்கொள், வீட்டிலும் வைத்துக்கொள்.

அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்த உன் அப்பாவும் ஒன்றும் சளைத்தவர் இல்லை. "உப்பளத்துல எறங்குறவனுக்குக் கண்ணு கெடாது, எங்க செட்டுல ஒருத்தனுக்காவது கெட்டிருக்குதா?" என்று வருஷக்கணக்காகப் பெருமை பேசினார். நீயும் பள்ளிக்கூடத்தில் போய் அதையே சொல்லி வைத்தாய். வெள்ளை உப்பில் அடிக்கிற வெயிலில் கண் கெட்டவன் அந்த செட்டில் எப்படி இருப்பான்? அவன் வேலையை விட்டுவிட்டு வீட்டில் கயிறு திரித்துக்கொண்டிருக்கிறான். பாத்தியில் நிற்கிறவனை மட்டும் எண்ணினால் எல்லார் கண்ணும் நல்ல கண்தான். நான்கு வீடு கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் அவர் அந்தப் பேச்சை விட்டார். யாரை எண்ணினோம் என்பதைவிட யாரை எண்ணாமல் விட்டோம் என்பதில்தான் வில்லங்கம் இருக்கிறது.

நம் விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணம் நடந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வாந்தி எடுத்தவர்கள் யார் என்று கேட்டால் ஊரே கை தூக்கியது. ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்கு ஏப்பம், உன் சித்தப்பா பையனுக்கு மறுநாள் மயக்கம். அவன் முந்தின ராத்திரி பந்தல்காரர்களோடு சேர்ந்து எதைக் குடித்தான் என்பது எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் வாரிப் போட்டால் கணக்கு உளைச்சேறாகிவிடும். அதனால் ஒரு கோடு போட்டேன். அன்று மத்தியானம், பந்தலிலோ போகிற வழியிலோ, வாந்தி எடுத்தவர் மட்டும்தான் நோயாளி. கோடு போட்டதும் கூட்டம் பாதியாகக் குறைந்தது. கோட்டுக்கு வெளியே போனவர்களில் சிலருக்கு என்மேல் வருத்தம்கூட. "நான் பட்ட பாடு உனக்கு இன்னாம்மா தெரியும்" என்று ஒருவர் இன்னும் முகம் கொடுக்கவில்லை.

அடுத்த தொல்லை ஞாபகம். அன்றைக்கு அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "எளநி மாதிரி இருக்குது நர்ஸம்மா, இன்னொரு சொம்பு ஊத்து" என்று கேட்ட அதே பெண்கள், இப்போது, "அப்பவே ஒரு மாதிரி வாடை வந்துச்சு" என்றார்கள். பொய் சொல்லவில்லை, பாவம். பேச்சைக் கேட்டுக் கேட்டு அவர்கள் நாக்குக்கே வாடை வந்துவிட்டது. என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். நான் யாரைச் சந்தேகப்பட்டேன் தெரியுமா? பாயசத்தை. ஏனென்றால் அந்தச் சமையல்காரரைக் கண்டாலே எனக்கு ஆகாது, அவர் வாயும் அவர் கரண்டியும்! வாந்தி எடுத்தவர்களிடம், "பாயசம் சாப்ட்ட இல்ல? நல்லா நெனச்சுப் பாரு" என்று துருவிக் கேட்டேன். எடுக்காதவர்களிடம், "பாயசம் சாப்ட்டியா?" என்று ஒரு வார்த்தையோடு விட்டேன். மூன்றாவது வீட்டிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, நான் கேட்கிற லட்சணத்துக்கு எனக்குப் பிடித்த பதில்தான் வரும் என்று.

அதனால் கேட்கிற வேலையையே என் கையிலிருந்து எடுத்துவிட்டேன். கூனிமேட்டிலிருந்து முட்டை விற்க வருவாளே நூர்ஜான் பீ, அவளிடம் ஒப்படைத்தேன். அவள் கல்யாணத்துக்கு வரவில்லை, யாருக்கு என்ன ஆனது என்றும் தெரியாது, எனக்கு எதன்மேல் சந்தேகம் என்றும் நான் சொல்லவில்லை. "எல்லா வீட்லயும் ஒரே மாதிரி கேளு. இன்னா இன்னா சாப்ட்டாங்க, எதுல ஊத்திக் குடுத்தாங்க, எவ்ளோ குடிச்சாங்க. அவ்ளோதான்" என்றேன். "இது இன்னா நர்ஸம்மா, முட்ட விக்கப் போனவள சாப்பாட்டுக் கத கேக்கச் சொல்றே" என்று சிரித்தாள். ஆனால் அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரு வாரம் நாள்தோறும் மத்தியானம் வந்து உட்கார்ந்து, கேட்டதைக் கேட்டபடி ஒப்பித்துவிட்டுப் போவாள். பாயசம் ஒன்றும் செய்யவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. அது வாந்தி எடுத்தவர்களுக்கும் இனித்திருக்கிறது, எடுக்காதவர்களுக்கும் இனித்திருக்கிறது. சமையல்காரரை மனசுக்குள் மன்னித்துவிட்டேன், அரைகுறையாக.

கோமதி இதையெல்லாம் சுவரோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள், "அத்தே, எங்க ஊரு ஆம்பளைங்கள யாரும் கேக்கலியே?" என்றாள். "அவங்களுக்கு இன்னா?" என்றேன். "எங்க சித்தப்பா, மாமா எல்லாம் திரும்பிப் போறப்ப லாரியிலயே வாந்தி எடுத்தாங்களாம். சம்பந்தி வீட்ட கொற சொன்னாப்போல ஆயிடும்னு அப்பா யார்கிட்டயும் சொல்ல வேணாம்னுட்டாரு." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரையே குடிக்கிறவர்களுக்கு அந்தத் தண்ணீரால் வாந்தி வருமா? மரியாதைக்காக அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள், பழி அவர்கள் பெண்மேல் வந்து விழுந்தது. "இத ஏண்டி இத்தன நாள் சொல்லல?" என்று கத்திவிட்டேன். "நீங்க கேக்கலியே" என்றாள். நியாயம்தானே, நானும் நம் ஊரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, உப்பு வாரி முடித்து எல்லாரும் குளித்துச் சாப்பிட்ட நேரத்தில், ராஜாமணி இரண்டு பெரியவர்களை அழைத்துக்கொண்டு வந்தாள். பெண்ணை அனுப்புவதைப் பற்றிப் பேசி முடித்துவிட வேண்டுமாம். கோமதி கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் ஒன்றும் வாதாடவில்லை. வாசலில் சுண்ணாம்புத் தூளால் உப்பளத்துப் பாத்தி மாதிரி மூன்று கட்டம் போட்டேன். "அண்ணி, இது பந்தல்ல அண்டா மோரு குடிச்சவங்க. இது வீட்டுக்குள்ள பொம்பளைங்க, மண்பான மோரு. இது மோரே குடிக்காம வெறும் தண்ணி குடிச்சவங்க. மூணு பாத்தியிலயும் கோமதி ஊரு தண்ணிதான். நான் பேரு சொல்றேன், வாந்தி எடுத்திருந்தா புளியங்கொட்ட வைங்க, எடுக்கலன்னா உப்புக்கல்லு வைங்க. ஊருல எல்லாரையும் தெரிஞ்சவங்க நீங்கதான்" என்றேன். அவள் முறைத்தாள், ஆனாலும் உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரியாத பேச்சா, எல்லார் வீட்டுக் கதையும் விரல் நுனியில். லாரியில் போனவர்களின் பெயரை மட்டும் கோமதி உள்ளேயிருந்து சொன்னாள்.

வைக்க வைக்க ராஜாமணியின் கை மெதுவாகிக்கொண்டே வந்தது. தண்ணீர்ப் பாத்தி வெள்ளை. மண்பானைப் பாத்தியும் வெள்ளை, ஒரே ஒரு புளியங்கொட்டை தவிர. அது பிள்ளையுண்டாகியிருந்த பக்கத்து வீட்டுப் பெண், அவள் அந்த மாதம் முழுக்கவே வாந்திதான். அண்டாப் பாத்தி கறுப்பு. அதிலும் அங்கங்கே உப்புக்கல் இருந்தது, விசாரித்தால் அவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர்கள். கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்த சின்னசாமி மாமாதான் எல்லாரையும்விட அதிகமாகக் கஷ்டப்பட்டவர். ஒரே தயிர், ஒரே தண்ணீர், பாத்திரம்தான் வேறு. உன் அப்பா உள்ளே போய் அந்தப் பித்தளை அண்டாவை உருட்டிக்கொண்டு வந்து வெயிலில் சாய்த்து வைத்தார். உள்ளே வெள்ளையாக ஈயம் பூசியிருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சளாக மின்னியது. அப்படிப்பட்ட பித்தளையில் புளித்த மோரை வைத்தால் களிம்பு ஏறும், குமட்டும் என்று அங்கே இருந்த யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ராஜாமணி அண்டாவைப் பார்த்தாள். அவள் முகம் வாடியது. "நான்தான் தேச்சேன்" என்றாள். "கல்யாண அண்டா, வெளிய மாதிரி உள்ளயும் தங்கமா மின்னணும்னு பாத்தியிலேருந்து கல்லுப்பு அள்ளியாந்து, புளியும் வச்சு, ரெண்டு நாளு தேச்சேன். எம்புள்ள கல்யாணமாச்சேன்னு தேச்சேன்." சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுதாள். ஈயம் கண்ணில் பட்டால் அழுக்கு என்று நினைத்துக் கல்லுப்பால் தேய்ப்பது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தப்பு. கை நீட்டினால் உப்பு என்றால் எதற்கும் உப்புதான். உடனே அந்தப் பெரியவர்களில் ஒருவர், "அப்போ எல்லாத்துக்கும் இவதான் காரணமா?" என்று அவள் பக்கம் திரும்பினார். ஒரு மாதமாக எந்தப் பார்வையைக் கோமதி தாங்கினாளோ அதே பார்வை. உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு கணம் எனக்கு இனித்தது. மறு கணம் பயமாக இருந்தது. பழியை ஒரு கழுத்திலிருந்து கழற்றி இன்னொரு கழுத்தில் மாட்டவா நான் இத்தனை பாடுபட்டேன்?

"அண்டா தனியா எதுவும் செய்யல" என்றேன். "அவங்க தேச்சது ஒண்ணு. மோரு புளிச்சிருந்தது ஒண்ணு. வைகாசி வெயிலு ஒண்ணு. காலையில ஊர்வலத்துக்குக் குடுக்க வேண்டிய மோர உச்சி வரைக்கும் அண்டாவுலயே வச்சது ஒண்ணு. இதுல ஏதாவது ஒண்ணு இல்லாம இருந்தாலும் யாருக்கும் ஒண்ணும் ஆயிருக்காது. அந்த மோரு ஏன் உச்சி வரைக்கும் கெடந்துச்சு தெரியுமா? மாப்பிள்ள கிருதா சரி பண்ண சலூன்ல போயி ஒக்காந்துட்டான், ஊர்வலமே நடக்கல. யாரையாவது ஊர விட்டு அனுப்பியே ஆகணும்னா அவனத்தான் அனுப்பணும்." உன் அப்பா, "அவன் ஏற்கெனவே மெட்ராஸ்லதான இருக்கிறான்" என்றார். பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள். அழுதுகொண்டிருந்த ராஜாமணியும் சிரித்துவிட்டாள். நோய்க்கு ஒற்றைக் காரணம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் நோயைத் தேடுவதில்லை கண்ணு, ஆளைத்தான் தேடுகிறார்கள். அண்டாவுக்கு ஈயம் பூசிவிடலாம், மோரை நேரத்துக்கு ஊற்றிவிடலாம். ஒரு பெண்ணின் ராசியை எந்தக் கடையில் கொடுத்துப் பூசுவது?

கிளம்பும்போது ராஜாமணி கதவைப் பார்த்து, "ஏம்மா கோமதி, நாக்கு வறண்டு போச்சு, ஒரு சொம்பு தண்ணி குடும்மா" என்றாள். கோமதி கொண்டுவந்தாள். ராஜாமணி அண்ணாந்து முழுதும் குடித்துவிட்டு, "இன்னொண்ணு" என்றாள். நான் அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். சந்தோஷம்தான், வேறு ஒன்றுமில்லை.

அவர்கள் போன பிறகு நான் கோமதியிடம் உன் கடிதத்தைப் பற்றி முதல்முறையாகப் பேசினேன். "அவனுக்குப் பதில் எழுதப்போறேன். ஆடிக்கு நீ அம்மா வீட்டுக்குப் போறியா, இல்லையா? உன் இஷ்டம்தான்" என்றேன். அவள் பாத்தியிலிருந்து புளியங்கொட்டைகளைப் பொறுக்கி முறத்தில் போட்டுக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். நான் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுகிறேன்.

"போறேன் அத்தே. எல்லாப் பொண்ணுங்களும் போறாப்போல ஆடிக்கு எங்கப்பா வந்து கூப்ட்டா போறேன். எங்க ஊரு தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு, அது தெரிஞ்சுபோச்சு. அவரு எப்படின்னு ஆவணி பொறந்தா தெரிஞ்சிடும், யாரு வந்து கூப்புடுறாங்கன்னு பார்ப்போம்."

உன் அம்மா